ஆணியில் தொங்கிய ஆராய்ச்சி

அத்தியாயம் 17

அக்காவும் தம்பியும் பேசி ஆறு நாள் ஆகிறது.

ஒரே வீடுதான். கீழ்த்தளத்தில் அவள், மேல்தளத்தில் இவன், நடுவில் பதினாறு படி. பேசாமல் இருப்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டுமல்லவா? தொட்டி நிரம்பியதா, கேட் சாவி யாரிடம் என்பதையெல்லாம் இருவரும் மாமாவிடம் சொல்லி அனுப்பினார்கள். மாமா, அதாவது அக்காவின் கணவர், தையல் சாமான் கடைக்காரர். முப்பது வருடமாகத் தையல்காரர்களுக்கும் ஜிப் கம்பெனிக்காரர்களுக்கும் நடுவே நின்று பழகியவர். இந்தத் தூது அவருக்கு ஒரு பாரமே இல்லை. வாங்கிய சேதியைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் கைமாற்றுவார்.

"ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க அவனை. மழைத் தண்ணி கீழ ஒழுகுது" என்று அக்கா எரிந்து விழுந்தால், பதினாறு படி ஏறுவதற்குள் அது, "உன் புஸ்தகமெல்லாம் நனைஞ்சிடுமோன்னு உங்கக்கா கவலைப்படறா மாப்ளே" என்று ஆகிவிடும்.

வீட்டுக்காகவோ நகைக்காகவோ வந்த சண்டை என்றால் தெருவுக்கே புரிந்திருக்கும். இது பதினோரு பக்கக் கொள்கை ஒன்றுக்காக வந்த சண்டை.

அக்கா பல்கலைக்கழக நூலகத்தில் திறந்த களஞ்சியத்தின் பொறுப்பாளர். அங்கே வேலை பார்க்கும் பேராசிரியர்கள் எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கணினியில் சேர்த்து வைத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் இடம் அது. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளேதான் சரக்கு இல்லை. கேட்கும்போதெல்லாம் பேராசிரியர்கள், "அடுத்த வாரம் தர்றேம்மா" என்பார்கள். மூன்று வருடம் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த அக்கா, கடைசியில் அதை ஒரு கொள்கையாகவே எழுதிவிட்டாள்: இனி ஆய்விதழ் 'உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டோம்' என்று கடிதம் அனுப்புகிற அன்றைக்கே, எழுதியவரின் கடைசிப் பிரதி களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும்; இதழின் ஒப்பந்தம் அனுமதிக்கிற நாளில் அது எல்லோருக்கும் திறக்கும்.

இன்று மாலை மூன்று மணிக்கு அது கல்விப் பேரவையில் வாக்கெடுப்புக்கு வருகிறது. தோற்றால், விதிப்படி மூன்று வருடத்துக்கு யாரும் மறுபடி கொண்டுவர முடியாது.

பேரவையில் முப்பத்தொரு பேர். அக்கா ஒவ்வொருவரையும் அறைக்கே போய்ப் பார்த்து, முகத்தை எடை போட்டு, ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ஆதரவு பதினைந்து. எதிர்ப்பு பதினைந்து. மிச்சம் ஒருவன்.

அந்த ஒருவன்தான், போன வாரம் இவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இவள் பரிமாறின தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நான் எதிர்த்துத்தான்க்கா போடுவேன்" என்றவன்.

காலை ஏழரை மணிக்குக் கீழ்வீட்டுச் சமையலறையில் மாமா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "போய் ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன? நீ தூக்கி வளத்த பையன்தானே."

"கேக்க மாட்டேன்."

"கடைக்கு வர்ற ஆளை வாங்கன்னு சொல்றதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

"அக்காங்கறதுக்காக விழற ஓட்டு எனக்கு எதுக்கு? நாளைக்கே எதிர்க்கட்சிக்காரங்க, குடும்பமா சேந்து தீர்மானம் போட்டாங்கம்பாங்க." டிபன் டப்பாவை அழுத்தி மூடினாள் அக்கா. "அவனுக்கு அதைப் படிக்கக்கூட நேரமில்ல. பதினோரு பக்கம். படிச்சிட்டு எதிர்க்கட்டும், மாலை போடறேன்."

இந்தச் சேதியை மட்டும் மெருகேற்றுவதில்லை என்று மாமா முடிவு செய்துகொண்டார். சில சரக்கை அப்படியே கொடுத்தால்தான் மதிப்பு என்பது அவருக்குத் தெரியும்.

மேல்வீட்டில் அதே நேரத்தில் வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது.

தம்பியின் மனைவியை வீட்டில் எல்லோரும் பிசியோ என்றுதான் கூப்பிடுவார்கள். தசை, நரம்புப் பிடிப்புகளுக்குப் பயிற்சி கொடுத்துக் குணப்படுத்துகிற தொழில். கல்யாணமாகி எட்டு மாதம். பெரிய மருத்துவமனையை விட்டுவிட்டு, போன மாதம்தான் பக்கத்துத் தெருவில் இரண்டு கட்டில் போட்ட ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்திருந்தாள்.

"என்னங்க, அந்த மணிக்கட்டுப் பேப்பரைக் கொஞ்சம் அனுப்புங்க. பத்து மணிக்குத் துணி தைக்கிற பொம்பளைங்க ரெண்டு பேர் வர்றாங்க. கை மரத்துப்போகுதாம். உங்க டேபிள்ல எத்தனை டிகிரி, எத்தனை தடவைன்னு போட்டிருப்பீங்களே, அது வேணும்."

தம்பி பல்கலைக்கழகத்தில் உடல் இயக்கவியல் பேராசிரியர். நாள் முழுக்க ஒரே மாதிரி கைவேலை செய்பவர்களின் மணிக்கட்டைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் அவன் எழுதிய கட்டுரை பேர் வாங்கியது.

"இணையத்துல இருக்கே. எடுத்துக்கோ."

அவள் எடுத்துப் பார்த்தாள். கணினி, முன்பக்கத்தை மட்டும் காட்டி, மேலே படிக்க வேண்டுமானால் இவ்வளவு கட்டு என்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்க கையைப் பிடிச்சாச்சு. கைவலிக்கு நீங்க எழுதினதைப் படிக்கத் தனியா கட்டணுமா? பெரிய ஆஸ்பத்திரியில சந்தா இருந்துது. இப்போ நான் தெருவுல நிக்கறேன்."

"இரு, என் பல்கலைக்கழகக் கணக்குல நுழையறேன்."

நுழைந்தான். உங்கள் நிறுவனத்துக்கு இந்த இதழைப் படிக்க அனுமதி இல்லை என்று வந்தது. இந்த வருடம் அந்த இதழின் சந்தாவை நூலகம் நிறுத்திவிட்டதாக மூன்று மாதத்துக்கு முன்பே சுற்றறிக்கை வந்திருந்தது. தம்பி சுற்றறிக்கைகளைப் படிப்பதில்லை.

"சரி, உங்ககிட்ட ஒரிஜினல் இருக்குமே?"

இருக்க வேண்டும்தான். பழைய மடிக்கணினி போன வருடம் உயிரை விட்டபோது காப்பாற்றிய கோப்புகளில் 'கடைசி', 'கடைசி 2', 'கடைசியோ கடைசி', 'இதுதான் கடைசி' என்று நான்கு இருந்தன. நான்கையும் திறந்தான். நான்கும் இதழின் மதிப்பீட்டாளர்கள் திருத்தம் சொல்வதற்கு முந்தியவை. பயிற்சிகளின் அட்டவணையே அதில் வேறு. மதிப்பீட்டாளர்கள் ஆறு மாதம் இவனை வறுத்தெடுத்து மாற்ற வைத்த அட்டவணை அது.

"குடும்ப குரூப்புல போட்டேனே! ஏத்துக்கிட்ட அன்னிக்குப் பெருமைக்குப் போட்டேன்." கைப்பேசியில் இரண்டு வருடம் பின்னோக்கி விரலால் ஓடினான். நாற்பது வாழ்த்து, பதினெட்டு பூங்கொத்து. கோப்பைத் தொட்டால், இனி கிடைக்காது என்றது.

"எழுதினவருக்கே கதவு சாத்தியிருக்கு" என்றாள் பிசியோ. "அண்ணிகிட்ட கேளுங்க. அவங்ககிட்ட இருக்கலாம்."

"அவகிட்டயா? மாட்டேன்."

"அப்போ காசு கட்டுங்க."

"என் பேப்பருக்கு நானா?" தம்பிக்கு ரத்தம் கொதித்தது.

பிசியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன், கோவிக்கக்கூடாது. அந்த இதழ்க்காரங்களுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் உங்க மெயில்ல இருக்குமில்ல? அதை எனக்கு அனுப்புங்க. அண்ணியோட அந்தப் பதினோரு பக்கத்தையும் அனுப்புங்க. கிளினிக்ல ஆள் வர்ற வரைக்கும் படிக்கறேன்."

"எதுக்கு?"

"வீட்டுல யாராவது ஒருத்தராவது படிச்சிருக்கணும் இல்ல?"

பத்து மணிக்குக் கிளினிக்கில் நடந்ததைப் பிசியோ எதிர்பார்க்கவில்லை.

முதலில் வந்தவள் பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் தைக்கிறவள். நாற்பது வயது. கட்டிலில் உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே முழங்கையை மடக்கி, மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மூடினாள்.

"இதை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"பட்டன் வாங்கற கடையில. படம் போட்டுத் தொங்குது. பண்ணினா நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டைவிரல் பக்கம் இன்னும் சுருக்குங்குது, அதுக்குத்தான் வந்தேன்."

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மணிக்கூண்டுப் பக்கம். கடைக்காரர் ரொம்பத் தமாசு பண்ணுவார். ஜிப் ஒண்ணு வாங்கினாக்கூட, கையைக் காட்டும்மா, பயிற்சி பண்றியான்னு கேப்பார்." அவள் தன் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கொஞ்சம் மங்கல். ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். நடுவில் அட்டவணை, எத்தனை டிகிரி, எத்தனை தடவை, எல்லாம். மேலே சின்ன எழுத்தில் பக்க எண்: 11.

பிசியோ அந்தப் படத்தைத் தன் கைப்பேசிக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"உங்க பேப்பர் கிடைச்சிருச்சு."

"எங்க?"

"உங்க மாமா கடையில. ஆணியில தொங்குதாம்."

தையல் சாமான் கடைக்குத் தம்பி போய் இரண்டு வருடத்துக்கு மேலிருக்கும். ஒரே வீட்டில் இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும்?

பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கடையில் கூட்டம். சுவர் முழுக்க நூல்கண்டுகள், நிறத்துக்கு ஒரு வரிசை. கண்ணாடிப் புட்டிகளில் பட்டன்கள். மேசையில் பித்தளை அளவுகோல் பதித்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியிலிருந்து சணல் கயிற்றில் தொங்கியது இவனுடைய ஆராய்ச்சி.

இரண்டு வருடத்துக்கு முன் குடும்ப குரூப்பில் வந்த அன்றே மாமா அதை அச்செடுத்திருந்தார். முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி தலைக்கு மேலே மாட்டியிருந்தார். மற்ற பக்கங்களைத் துளை போட்டுக் கயிற்றில் கட்டி, படமும் அட்டவணையும் இருக்கிற பதினொன்றாம் பக்கத்தை மேலே வருகிற மாதிரி மடித்திருந்தார். காற்றாடிக்குப் பறக்காமலிருக்கக் கீழ் ஓரத்தில் அகலமான கிளிப் ஒன்று. எழுதிக்கொள்ள ஒரு பென்சில், அதற்கும் கயிறு. ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்து, ஒரு பழைய நோட்டு மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது.

வரிசையில் நின்ற ஒரு முரட்டு மீசைக்காரர், பாலித்தீன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மும்முரமாக விரல்களை விரித்து மூடிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர், "மணிக்கட்டு இன்னும் மேல அண்ணாச்சி" என்று திருத்தினார்.

தம்பி வாசலிலேயே நின்று பார்த்தான். உலக மாநாடுகளில் கைதட்டல் வாங்கியவன்தான். ஆனால் தன் அட்டவணையைப் பார்த்து ஒரு மீசைக்காரர் விரல் விரிப்பதை அவன் இதுவரை கண்டதில்லை.

"மாமா, இதை எடுத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் நடக்காது மாப்ளே. இங்கேயே நின்னு பாத்துட்டு, இருந்த இடத்துல விட்டுட்டுப் போகணும். கடை சாத்தற வரைக்கும் அது வாடிக்கையாளர் சொத்து."

"நான் எழுதினது மாமா!"

"எழுதினவனுக்கு ஸ்டூல் உண்டு. உக்காரு." ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, மாமா ஒரு கஜம் எலாஸ்டிக்கை அளந்து வெட்டினார். "ரொம்ப நாளா ஒரு சந்தேகம், கேக்கலாமா? நீ ராத்திரி பகலா கஷ்டப்பட்டு சரக்கு தயார் பண்ணற. உன்ன மாதிரி ரெண்டு வாத்தியாருங்க கூலி வாங்காம தரம் பாத்துக் கொடுக்கறாங்க. அதை இனாமா அந்த இதழ்க்காரன்கிட்ட கொடுக்கற. சரிதானா?"

"சரிதான்."

"அவன் அதையே உங்க காலேஜுக்கு வருஷச் சந்தாவுக்கு விக்கறான். இப்போ உன் பொண்டாட்டிக்கும் விக்கப் பாத்தான். அப்படித்தானே?"

"அப்படின்னு சொன்னா கொஞ்சம்..."

"நான் அவனைத் திட்டலப்பா. அவனைப் பாத்தா எழுந்து நிப்பேன். முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், இப்படி ஒரு யோசனை எனக்கு வரலையே!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆனா ஒண்ணு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தைப் படிச்சியா?"

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தான். சரியாக அந்த நேரத்துக்குக் கைப்பேசி ஒலித்தது. பிசியோவிடமிருந்து இரண்டு வரி.

'உங்க ஒப்பந்தம் ஏழாவது பத்தி: ஒரு வருஷம் கழிச்சு உங்க கடைசிப் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்துல எல்லாருக்கும் திறந்து வைக்கலாம். ஒரு வருஷமா உங்களுக்கு அனுமதி இருக்கு.'

'அண்ணியோட கொள்கை ஒன்பதாவது பக்கம். நீங்களே படிங்க.'

அவன் எதற்காக எதிர்த்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனுடைய புதுக் கட்டுரை, துறையிலேயே பெரிய இதழ் ஒன்றின் வாசலில் நிற்கிறது. அது வந்தால்தான் பதவி உயர்வு. களஞ்சியத்தில் வைத்தே தீர வேண்டும் என்று கொள்கை வந்தால் அந்த இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யாரோ சொன்னது போதுமானதாக இருந்தது.

ஜிப் பெட்டிகளுக்கும் லைனிங் துணிக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, தம்பி கைப்பேசியில் அக்காவின் கொள்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தான். ஒன்பதாவது பக்கத்தில் அது இருந்தது: ஏதாவது ஒரு கட்டுரைக்கு விலக்கு வேண்டுமென்றால் எழுதியவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். காரணம் கேட்கப்படாது. விலக்கு மறுக்கப்படாது.

இவன் பயந்ததற்கு மருந்தை அக்கா நாலு மாதத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறாள். இவன் திறந்தே பார்க்கவில்லை.

"மாமா, இதை ஏன் அவ என்கிட்ட வாய்விட்டுச் சொல்லல?"

"படிச்சிட்டு எதிர்த்தா மாலை போடறேன்னு சொன்னா." மாமா பட்டன்களை எண்ணிப் பொட்டலம் கட்டினார். "காலையிலேயே கொடுக்க வேண்டிய சரக்கு. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

பேரவைக் கூடத்தில் நீண்ட மேசை, முப்பத்தொரு நாற்காலி, முப்பத்தொரு தண்ணீர் பாட்டில். சுவரோரம் பார்வையாளர் நாற்காலியில் அக்கா. பேசும் உரிமை அவளுக்கு இல்லை, உட்காரும் உரிமை மட்டும்.

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் மூத்த பேராசிரியர் ஒருவர். அவருக்குப் பல்கலைக்கழகம் முழுக்க 'அடிக்குறிப்பு' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் "ஒரு சின்னத் திருத்தம்" என்று ஆரம்பித்து, அவர்கள் சொன்னதற்கு அடியில் தன் கருத்தைச் சேர்க்காமல் விடமாட்டார். இடது கைப் பழக்கம். மைப் பேனாவால்தான் எழுதுவார் என்பதால் இடது உள்ளங்கையின் ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும்.

"ஒரு சின்னத் திருத்தம்" என்று எழுந்தார். "எல்லாருக்கும் திறந்து விடணும்னு சொல்றாங்க. எல்லாரும்னா யாரு? நம்ம கட்டுரைகளைப் படிக்கறது நம்மள மாதிரி நூறு பேர். அந்த நூறு பேருக்கும் நூலகம் இருக்கு. தெருவுல போறவங்க யாரும் நம்ம அட்டவணைக்காகக் காத்துக்கிட்டு நிக்கல."

பதினான்கு தலைகள் ஆடின. அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

தம்பி கையைத் தூக்கினான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இதை எதிர்க்கறதாத்தான் போன வாரம் சொல்லியிருந்தேன்" என்று தொடங்கினான் தம்பி. "கொள்கையைப் படிக்காமலே சொல்லியிருந்தேன். இன்னிக்கு மத்தியானம்தான் படிச்சேன். மதிப்பீட்டாளர் படிக்காம எழுதறாங்கன்னு இதே மேசையில பத்துத் தடவை கத்தினவன் நான், அதனால முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சிரிப்பு எழுந்தது.

"இன்னிக்குக் காலைல என் சொந்தக் கட்டுரை எனக்கே கிடைக்கல. சந்தா இல்ல. என் பிரதி தொலைஞ்சுபோச்சு. கடைசியில அது எங்க இருந்துது தெரியுமா? எங்க மாமாவோட தையல் சாமான் கடையில, ஆணியில. அங்க வரிசையில நிக்கறவங்க அதைப் பாத்துப் பயிற்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. தெருவுல போறவங்க காத்துக்கிட்டு நிக்கலைன்னு ஐயா சொன்னார். நான் கண்ணால பாத்தேன், நிக்கறாங்க. பட்டன் வாங்க வந்த இடத்துல நிக்கறாங்க."

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கடையை நம்ம பல்கலைக்கழகத்தோட இணைச்சிட்டீங்களா பேராசிரியரே?"

கூடம் குலுங்கியது. இப்படி ஒரு வாய்ப்பை அடிக்குறிப்பு விடவே மாட்டார் என்று எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் எழுந்து வாயைத் திறந்தார். "ஒரு சின்ன..." என்றார். பிறகு என்ன தோன்றியதோ, பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இணைக்கலை சார். அதனாலதான் இந்தக் கொள்கை வேணுங்கறேன்" என்றான் தம்பி. "ஏத்துக்கிட்ட அன்னிக்கே பிரதியைக் களஞ்சியத்துல வச்சிருந்தா, நான் தொலைச்சிருந்தாலும் அங்க இருந்திருக்கும். விலக்கு வேணுங்கறவங்களுக்கு ஒன்பதாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு. தயவு செஞ்சு படிச்சிட்டு ஓட்டுப் போடுங்க."

அடுத்த ஐந்து நிமிடம் பேரவைக் கூடத்தில் இதுவரை கேட்காத சத்தம் கேட்டது. முப்பது பேர் ஒன்பதாவது பக்கத்தைத் தேடிப் புரட்டுகிற சத்தம்.

ரகசிய வாக்கெடுப்பு. மடித்த சீட்டுகள். பதிவாளர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். அக்கா மனதுக்குள் எண்ணினாள். பதினைந்து, அதோடு தம்பி, பதினாறு. பதினாறு போதும்.

"ஆதரவு பதினேழு. எதிர்ப்பு பதினான்கு. தீர்மானம் நிறைவேறியது."

பதினேழா?

ஆறு வாரமாக முகம் முகமாக எடை போட்ட பட்டியல். ஒருமுறைகூட அவள் கணக்கு தப்பியதில்லை. இந்தப் பதினேழாவது ஆள் யார்?

தாழ்வாரத்தில் தம்பி அவளுக்காகக் காத்திருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மாமா இல்லை. எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ஜன்னலைச் சாத்திட்டு வந்தியா?" என்றாள் அக்கா.

"சாத்திட்டேன்க்கா."

"மழை வர்ற மாதிரி இருக்கு."

"ஆமா."

ஆறு நாள் அவ்வளவில் முடிந்தது.

"என் பேப்பரையே முதல் பிரதியா வச்சுக்கோக்கா" என்றான் தம்பி, படியிறங்கும்போது. "ஆனா கோப்பு இல்ல. மாமா கடையிலேருந்துதான் ஸ்கேன் பண்ணணும்."

"பேரவை ஓட்டுப் போட்ட களஞ்சியத்துக்கு முதல் வரவு, ஆணியிலேருந்து கழட்டினதா?" அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் பார்த்திருக்கிறான்.

ஐந்தரை மணிக்கு நான்கு பேரும் கடையில் கூடினார்கள். வெயில் மணிக்கூண்டின் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா நூலகத்திலிருந்து சின்ன ஸ்கேனர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பிசியோ நாலு டீ வாங்கி வந்தாள். கடைசி வாடிக்கையாளர் ஊசிப் பாக்கெட்டோடு போன பிறகு, மாமா பெரிய மனசு பண்ணி ஆணியிலிருந்து கயிற்றைக் கழற்றினார். சட்டத்திலிருந்து முதல் பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

"ஸ்கேன் முடிஞ்சதும் திரும்ப வந்தாகணும்."

"நாளைக்கு எல்லார் போன்லயும் வந்துடும் மாமா. இனிமே எதுக்கு?"

"போன்ல வந்தா என்கிட்ட யாரு பேச்சுக் கொடுப்பா? கிளிப்பை எடு."

தம்பி பதினொன்றாம் பக்கத்தின் அடியிலிருந்த கிளிப்பை எடுத்தான். அது மறைத்திருந்த இடத்தில், அட்டவணைக்குக் கீழே, பென்சிலால் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தில் பின்னோக்கிச் சாய்ந்த எழுத்தில் நான்கு வரி.

'இடது கைக்காரர்களுக்கு மூன்றாவது பயிற்சியின் கோணம் பொருந்தவில்லை. கத்தரி பிடிக்கும் விதம் வேறு. மூன்று வாரம் செய்து பார்த்தேன், வலி கூடியது. பத்து டிகிரி குறைத்தபின் வலியே இல்லை.'



தம்பி அதை இரண்டு முறை படித்தான். அவன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நூற்றிருபது பேரும் வலது கைக்காரர்கள். இடது கை என்று ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்கோ, ஆறு மாதம் வறுத்தெடுத்த மதிப்பீட்டாளர்களுக்கோ தோன்றவில்லை. இன்னொன்றும் அவனுக்கு மட்டும் தெரியும், அதை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: பெரிய இதழின் வாசலில் நிற்கிற அந்தப் புதுக் கட்டுரை இதே கோணத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பயப்பட வேண்டிய நேரம். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு பரவிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷத்துல என் பேப்பரை முழுசாப் படிச்சு, செஞ்சும் பாத்த ஒரே ஆள் இவர்தான். யார் மாமா இது?"

"தெரியாதே. நூறு பேர் வர்றாங்க."

"இடது கைக்காரர், அண்ணா" என்றாள் பிசியோ. "இடது கைக்குன்னு தனிக் கத்தரி விப்பீங்கல்ல? அதை வாங்கறவங்க எத்தனை பேர்?"

மாமாவின் கண் சட்டென்று பளிச்சிட்டது. சரக்கு, வாடிக்கையாளர் என்று வந்துவிட்டால் அவர் மூளைக்குப் பட்டியல் வேண்டாம்.

"மூணே பேர். காலர் தைக்கிற அம்மாவோட தங்கச்சி, அவ ஆறு மாசமா ஊர்லயே இல்ல. திரைச்சீலை தைக்கிறவர், அவர் அளவு எண்களைத் தவிர வேற ஒண்ணும் எழுத மாட்டார். மூணாவது ஆள், பாவம், பொம்மைங்களுக்குச் சட்டை தைக்கிறவர். ரொம்ப மரியாதையான பெரியவர். என்ன வேலை பாக்கறார்னு கேட்டதில்ல. சனிக்கிழமை சாயங்காலம், யாரும் இல்லாத நேரமாப் பாத்து வருவார். அரை அங்குலத்துல லேஸ் கேப்பார். கையில எப்பவும் நீலமா மை ஒட்டியிருக்கும்."

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட ஒரே தொல்லை என்னன்னா" என்றார் மாமா, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நாம எந்த லேஸை எடுத்துக் காட்டினாலும், 'ஒரு சின்னத் திருத்தம்'னுதான் ஆரம்பிப்பார்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பதினேழாவது சீட்டு அவள் கண் முன்னால் மெதுவாகப் பிரிந்தது. பேரவையில் பாதியில் நின்றுபோன அந்த வாக்கியமும், திருகி மூடப்பட்ட பேனாவும்.

"ஏன், உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்றார் மாமா. "நாளைக்குக் காலைல வந்துடுவார். கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்துட்டுப் போயிருக்கார்."

தம்பி ஸ்டூலை இழுத்து ஆணிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பதினொன்றாம் பக்கத்தை மடியில் வைத்து, அந்தப் பென்சில் எழுத்து அழிந்துவிடாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க மாமா?"